ஊசி நூலும் உபதேசமும்

சென்ற மாதம் நம் பகுதி ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போனார்கள். நிர்வாகத்தின் சார்பில் வந்த கனவான் ஒருவர், "வருமானம் போதாவிட்டால் செலவைக் குறையுங்கள். கிழிந்ததை வீட்டிலேயே தைத்துக்கொண்டால் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா?" என்று உபதேசம் செய்து அனுப்பிவிட்டார்.

யாருக்கு யார் தையல் சொல்லித் தருவது? மகளின் பள்ளிப் பாவாடையை டக் பிடித்துப் பெரிதாகத் தைத்து, அவள் வளர வளர ஒவ்வொன்றாய் அவிழ்த்துவிட்டு மூன்று வருஷம் ஓட்டுகிறவர்கள் நம் தாய்மார்கள். புடவை நடுவில் நைந்தால் அந்தப் பாகத்தை வெட்டிவிட்டு இரண்டு துண்டையும் மூட்டிக் கட்டுவார்கள். அதுவும் போனால் பிள்ளைக்குத் தூளி, அப்புறம் அடுப்படியில் கைப்பிடித் துணி. நான் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டையின் காலரை என் வீட்டில் பிரித்துத் திருப்பித் தைத்து ஒரு வருஷமாகிறது. பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்; தெரியட்டும். ஒட்டுப் போட்ட சட்டை மானக்கேடு என்று கடன் வாங்கித் துணி எடுக்கிற நம் வாலிபர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

ஆனால் தைத்து மிச்சம் பிடித்த காசு யார் பைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் சட்டை வீட்டில் உட்கார்ந்தா கிழிந்தது? குப்பை வண்டியின் தகரமும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் தின்ற துணி அது. முதலாளியின் வேலையில் கிழிந்ததை, அவர் கொடுக்காத நேரத்தில், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைக்கிறாள். அதற்குக் கூலி இல்லை. அதையே காட்டி, "இவர்களுக்கு இந்தச் சம்பளம் போதும், சமாளிக்கிறார்களே" என்று அடுத்த வருஷமும் கையை விரிக்கிறார்கள்.

இவர்கள் மறந்துவிட்ட ஒரு கணக்கு உண்டு. 1957இல் அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட, நாலு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, அதாவது தலைக்கு 18 கெஜம் என்று அளவு வைத்தது. இது ஆடம்பரமா? இரண்டு புடவை 12 கெஜம், இரண்டு ரவிக்கை 2 கெஜம், ஒரு உள்பாவாடை இரண்டரை கெஜம். மீதி ஒன்றரை கெஜத்தில் துண்டும் விரிப்பும் பார்த்துக்கொள்ள வேண்டும்! அந்த முடிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று பிறகு நிதி அமைச்சகமே நழுவியது. தேவைக்கேற்ற குறைந்தபட்சக் கூலி கேட்டு 1960 ஜூலையிலும் 1968 செப்டம்பர் 19லும் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரயில்வேத் தோழர்கள் சிறை போனார்கள், வேலை இழந்தார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அதே அளவுகோலை ஏற்று, படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்கு மேலும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. 2020இல் அரசு வெளியிட்ட கூலிச் சட்ட வரைவு விதிகளிலும் 66 மீட்டர் என்று அதே 72 கெஜம்தான் இருக்கிறது. காகிதத்தில் இருக்கிற துணி நம் உடம்பில் ஏன் இல்லை?

ஆண்பிள்ளைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பொத்தான் தைக்க வீட்டுக்காரியைக் கூப்பிடாதீர்கள். ராணுவத்தில் சிப்பாய் தானே தைத்துக்கொள்கிறான், நமக்கென்ன கை இல்லையா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போது, போன தீபாவளியிலிருந்து வீட்டில் எத்தனை கெஜம் துணி வாங்கினோம், எத்தனை உருப்படிக்கு ஒட்டுப் போட்டோம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். சீருடை தனியாகக் கேட்கும் மனுவோடு அந்தத் தாள்களையும் சேர்த்து அந்தக் கனவானிடமே கொடுக்கப் போகிறோம்.