குளத்துக்குள் ஒரு வேலி

சென்ற ஐப்பசியில் ஒருநாள் இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. பொழுது விடிந்ததும் அடுத்த வீட்டுப் பெரியவர் குடையும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் சிரிக்காமல் சொல்லக்கூடியவர். "வாத்தியார் ஸார்! உங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் எங்கள் வாசலில் நிற்கிறார்கள். வந்து அழைத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட நாளில் பிள்ளைகள் எதற்காக வந்தார்கள் என்று எண்ணியவாறே போய்ப் பார்த்தேன். கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஐந்து ஆகாயத்தாமரைச் செடிகள் அவர் வீட்டு வாசற்கதவை முட்டிக்கொண்டு மிதந்தன! என் கொல்லையிலுள்ள மீன் தொட்டி நிரம்பி வழிந்ததில் புறப்பட்டு வந்தவை அவை. ஐந்தையும் பிடித்து வாளியில் போட்டுக்கொண்டேன். ஆனால் முதல் நாள் மாலை தொட்டியில் இருந்தவை 16. பாக்கி 11 செடிகளும் தெருக்கோடிக் கால்வாய் வழியாகப் போய்விட்டன.

"நாலு பாசிச் செடி போனதற்கு இவ்வளவு கவலையா?" என்று வாசகர்கள் கேட்கலாம். தாம்பரத்தில் இருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து நீர் எங்கே போகிறதென்று அவர்களுக்குத் தெரியும். மேற்கே முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றை அடைகிறது. கிழக்கே ஏரிக்கு ஏரி உபரி நீர் இறங்கி, செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகளைத் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம் பெற்ற சதுப்பு நிலம் அது. என் கொல்லைத் தொட்டி இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் என் வகுப்பு மாணவர்களை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, இதே ஜாதிச் செடிகளை வாரி வெளியே போடச் செய்திருந்தேன். கரையில் நின்று நீண்ட பிரசங்கமும் செய்திருந்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெல்வெட்டுப் போன்ற இலைகளுடன், சின்ன முட்டைக்கோஸைப் போல் மிதப்பது ஆகாயத்தாமரை. இலைக்காம்பு வெங்காயம் போல் உப்பியிருக்க, ஊதாப் பூ பூப்பது வெங்காயத்தாமரை. பலரும் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். முன்னதைக் காவலோடு வளர்க்கலாம். பின்னதை வீட்டுத் தொட்டியில் வைக்கவே கூடாது.

வெங்காயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா. பூவின் அழகைக் கண்டு மயங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான் பிறகு நடந்தது. ஆறுகளில் படகு செல்லவில்லை. நெல் வயல்களில் செடி புகுந்தது. கடைசியில் 1936-இல் இதற்கென்றே வங்காளத்தில் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அவரவர் நிலத்திலும் நீரிலும் உள்ள செடியை அவரவரே அகற்றவேண்டும் என்பது அதன் சாரம். 1982-இல் இச்செடியைத் தின்னும் கூன்வண்டுகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தார்கள். அப்படியும் இன்றுவரை அது நம் ஏரிகளை விட்டுப் போகவில்லை.

கணக்கு வாத்தியார் அல்லாதவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் வெங்காயத்தாமரை சுமார் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். பத்துச் செடிகள் இப்படியே தடையின்றிப் பெருகினால் இருபதாவது வாரத்தில் 10,240 ஆகிவிடும். ஆகாயத்தாமரையும் பெருகுவதில் சோம்பேறி அல்ல.

அப்படியானால் மிதக்கும் செடியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? சித்திரை வெயிலில் இரண்டடித் தண்ணீர் கொதிக்காமலிருக்க நிழல் வேண்டும். மீன் கழிவினால் நீரில் சேரும் சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்வதால் பச்சைப் பாசி கட்டுப்படும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள வேர்களே அடைக்கலம். ஆகையால் செடியும் வேண்டும். அதற்கு வேலியும் வேண்டும்.

என் தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம். அரை அங்குல பி.வி.சி. குழாயை வெட்டி, மூலைக்கு ஒரு முழங்கை இணைப்பு வைத்து, 4 அடிக்கு 3 அடியில் ஒரு சட்டம் செய்தேன். இணைப்புகளைப் பசையிட்டு நன்றாக ஒட்ட வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றுத்தான் சட்டத்தை மிதக்க வைக்கிறது. பொட்டு ஓட்டை இருந்தாலும் தண்ணீர் புகுந்து மூழ்கிவிடும். என்னுடைய முதல் சட்டம் அப்படித்தான் மூழ்கியது. இந்தச் சட்டத்துக்குள் செடி நின்றால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடாது. முழுவதும் மூடிவிட்டால் வெளிக்காற்று நீரில் கலப்பது தடைப்பட்டு, விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். மிதக்கும் இலைகள் பிராணவாயுவை ஆகாயத்தில் விடுகின்றனவே தவிர, நீருக்குள் விடுவதில்லை.

சட்டத்தை ஒரு கயிற்றினால் செங்கல்லில் கட்டி அடியில் இறக்கிவிடுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி கயிறு சற்றுத் தளர்ந்திருக்கட்டும். தண்ணீர் விழும் குழாய்க்கு எதிர்மூலையே செடிக்கு ஏற்ற இடம். ஓயாமல் தலையில் தண்ணீர் தெறித்தால் ஆகாயத்தாமரையின் குருத்து அழுகிப்போகும். கத்திரி வெயிலில் இலை கருகினால், மேலே பச்சை நிழல்வலை ஒன்றைக் கட்டினால் போதும்.

அடுத்த சத்துரு, நாம் ஆசையாக வளர்க்கும் தங்கமீனேதான். மெல்லிய வேர்களை ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும். சட்டத்தின் அடியில் விறைப்பான பிளாஸ்டிக் வலையைக் கூடை போல் தொங்கவிட்டால் வேர் தப்பும். துவண்ட நைலான் வலை உதவாது. மீனின் செவுள் அதில் சிக்கிக்கொள்ளும்.

இங்கேதான் ஒரு சங்கடம் இருக்கிறது. மீனிடமிருந்து வேரைக் காத்தால் கொசுவையும் சேர்த்துக் காத்தவர்களாகிறோம். மான்சோனியா என்ற கொசுவின் புழு, மற்றக் கொசுப் புழுக்களைப் போல் மூச்சு விட நீர்மட்டத்துக்கு வருவதில்லை. மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றைக் குடித்துக்கொண்டு அங்கேயே ஒட்டிக்கிடக்கும். கேரளத்தில் சேர்த்தலைப் பக்கத்தில் நெடுங்காலம் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்த இனந்தான். ஆகாயத்தாமரை மிதக்கும் குளங்களே அதன் இருப்பிடம். எனவே சுமார் ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையாக வாங்குங்கள். கப்பி மீன் உள்ளே போய் வரும். பெரிய தங்கமீன் போகாது. அதையும் நம்பி இருந்துவிடாமல், ஞாயிறுதோறும் செடிகளை எடுத்து, வேரை ஒரு வாளித் தண்ணீரில் நன்றாக அலசி, அந்தத் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றிவிட வேண்டும். பெருகிய செடிகளைக் களைவதற்கும் அதுவே நல்ல நாள்.

இவ்வளவும் செடியைக் காக்கும் வேலி. ஏரியைக் காக்கும் வேலி ஒன்று பாக்கி இருக்கிறது. ஏரிக்குக் கலங்கல் இருப்பது போலத் தொட்டிக்கும் ஒரு கலங்கல் வேண்டும். விளிம்புக்கு ஒரு சாண் கீழே துவாரமிட்டுக் குழாய் வைத்து, அதன் வாய்க்கு வலை கட்டி, வழியும் நீரைக் கால்வாயில் விடாமல் தென்னம்பாத்தியில் விட்டேன். வலையில் சருகு அடைத்தால் தண்ணீர் சுவர் மேல் வழியும். ஆகவே மழைக்கு முன் அதைச் சுத்தம் செய்வது அவசியம். பெருமழை வருமென்று தெரிந்தால் செடிகளையெல்லாம் ஒரு தொட்டியில் போட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிடுகிறேன். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இது அதிகப்படியான ஜாக்கிரதையாகத் தோன்றாது.

களைந்த செடியைத் தெருவிலோ கால்வாயிலோ எறியாதீர்கள். மொட்டைமாடியில் வேரை மேலாக்கிச் சருகாகக் காயவைத்து, பிறகு எருக்குழியில் போடுங்கள். கப்பி மீனுக்கும் இதே விதிதான். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி, ஏரியில் விடக்கூடாது.

இப்பொழுது தினந்தோறும் மாலையில் தொட்டிக்கு ஆஜர் எடுக்கிறேன். பெரியவர் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லோரும் வந்தாயிற்றா, ஸார்?" என்று விசாரிப்பார். "வந்தாயிற்று" என்று சொல்லிவிடுகிறேன். ஆயினும் செம்பாக்கம் பக்கம் போகும்போதெல்லாம் என் கண்கள் ஏரிக்கரையோரமாக அந்தப் பதினோரு பேரைத் தேடிக்கொண்டேயிருக்கின்றன.