இணையத்தில் பெயர் எவருடையது? நிலம் எவருடையது?

வீடு கட்டப் புகும் தமிழன் நிலத்தின் நான்கெல்லையையும் நடந்து பார்க்கின்றான். மூல ஆவணம் எவர் பெயரில் உள்ளது என்று வினவுகின்றான். ஒரு சாண் நிலம் கூடினும் குறையினும் ஊரைக் கூட்டுகின்றான். இத்துணை விழிப்புடையவன், தன் மன்றத்திற்கோ இதழுக்கோ இணையத்தில் ஓரிடம் அமைக்கப் புகுங்கால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றான். கரணியம் வேறொன்றுமில்லை. 'டொமைன்' என்றும், 'ஓசுட்டிங்' என்றும், 'செர்வர்' என்றும் விற்போன் அடுக்கும் சொற்களைக் கேட்ட அளவில், இஃது ஏதோ எட்டாத பெரும்புலமை என்று மலைத்துப்போய், கேட்கவேண்டிய வினாவையும் கேளாது நாணி நின்றுவிடுகின்றான்.

அச்சொற்களுள் ஒன்றேனும் எட்டாத கருத்தைக் குறிப்பதன்று. அவை பெயரையும், நிலத்தையும், குடிக்கூலியையும் பற்றியவையே. சொல் விளங்காமையால் பொருளை இழப்பது அறியாமையுள் தலையாய அறியாமை. ஆகலின், அச்சொற்களை ஒவ்வொன்றாகத் தெளிந்துகொள்வது தமிழர்க்குக் கட்டாயமாகின்றது.

முதற்கண், இணையம் வேறு, வலை வேறு. இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பெருஞ்சாலை. 1969-இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட்டு என்னும் பெயரில் தொடங்கிய ஆய்வுப் பிணைப்பே அதன் முன்னோடி. 1983 சனவரி முதல் நாள் அது, இன்று உலகெங்கும் வழங்கும் பொது நெறிமுறைக்கு மாறியது. வலை என்பதோ அச்சாலையில் ஓடும் ஊர்திகளுள் ஒன்று. செனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் திம் பெர்னர்சு லீ என்னும் அறிஞர் அதனை 1989-இல் முன்மொழிந்தார். 1993-இல் அவ்வாய்வகம் அதனை உலக மக்கட்கு உரிமைத்தொகையின்றி வழங்கியது. மின்னஞ்சல் வலைக்கும் மூத்தது. அதே சாலையில் ஓடும் வேறோர் ஊர்தி. இந்தியப் பொதுமக்கட்கு இச்சாலை 1995 ஆகசுட்டு 15-இல் திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே சிங்கப்பூர்த் தமிழறிஞர் நா. கோவிந்தசாமி தமிழை வலையேற்றும் பணியில் முனைந்து நின்றார். இணையம் என்னும் அழகிய சொல்லை ஆக்கியவரும் அவரே என்பர்.

இச்சாலையில் அமைந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு கதவெண் உண்டு. சுழியம் முதல் 255 வரை அமைந்த எண்கள் நான்கினைப் புள்ளியிட்டுத் தொடுத்தால் பழைய முறைக் கதவெண் கிடைக்கும். இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி எண்களே அமையும். அவற்றைப் பகுத்தளிக்கும் நடுவண் இருப்பு 2011 பிப்பிரவரியில் தீர்ந்துபோனமையால், அதனினும் மிக நீண்ட புதுமுறை எண்களும் இன்று உடன் வழங்குகின்றன.

எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது மாந்தர்க்கு அரிது. பெயரை வைத்துக்கொள்வது எளிது. எனவே 1983-இல் பால் மொக்காபெட்ரிசு என்பார் பெயருக்குரிய எண்ணைத் தேடித்தரும் முறை ஒன்றனை வகுத்தார். அப்பெயரே களப்பெயர், கடைக்காரர் 'டொமைன்' என்பது இதனையே. களப்பெயரை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். மன்றம்.இந்தியா என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்க. புள்ளிக்கு வலப்புறம் உள்ள இந்தியா என்பது மேனிலைக் களம், அதாவது நாடு. இடப்புறம் உள்ள மன்றம் என்பது அந்நாட்டினுள் ஒருவர் பதிந்துகொண்ட பெயர். படிப்போர் உலாவியில் அப்பெயரை எழுதியவுடன், உலகப் பொதுவான வேர்ப்பதிவேடு, மேனிலைக் களத்தின் பதிவேடு, அப்பெயருக்குரிய பதிவேடு என்று படிப்படியாக வினவிக் கதவெண் கண்டறியப்படுகின்றது. இவையனைத்தும் கண்ணிமைக்கும் பொழுதுக்குள் நிகழ்ந்து முடிகின்றன.

களப்பெயர் உரோமன் எழுத்தில்தான் அமைதல் வேண்டும் என்று இன்னும் எண்ணியிருப்பார் பலர். அது பழங்கதை. பிறமொழி எழுத்துகளில் களப்பெயர் அமைக்கும் முன்முயற்சி 1998 அளவில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் மேற்கொள்ளப்பெற்றது. 2010, 2011 ஆகிய ஈராண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் மூன்று மேனிலைக் களங்களும் தமிழ் எழுத்திலேயே உலகப் பதிவேட்டில் ஏறின. பொறியின் உள்ளே அப்பெயர் உரோமன் எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டே செல்கின்றது என்பது மெய்யே. ஆயின் எழுதுவோன் கைக்கும் படிப்போன் கண்ணுக்கும் அது தமிழே. வாயில் திறந்திருந்தும் உள்ளே நுழைவார் சிலரே என்பதுதான் வருந்தத்தக்கது.

பெயர் வேறு, நிலம் வேறு. பதிந்த பெயர் எந்த நிலத்தைச் சுட்டுகின்றதோ அந்நிலமே வலையிடம். 'ஓசுட்டிங்' என்று விற்கப்படுவது இதுவே. இதனை விருந்தோம்பல் என்று மொழிபெயர்ப்பாரும் உளர். விருந்தினனிடம் கூலி பெறும் விருந்தோம்பல் தமிழர் அறியாத ஒன்று! இது குடிக்கூலியே. இரவும் பகலும் அணையாது இயங்கி, கேட்போர்க்குப் பக்கங்களை எடுத்து வழங்கும் கணிப்பொறியே வழங்கி. ஒரு வழங்கியைப் பலர் பங்கிட்டுக்கொள்வது பகிர்விடம், ஒரு கூரையின்கீழ்ப் பல குடித்தனம் போன்றது, மலிவானது, சிறு மன்றங்கட்குப் போதுமானது. ஒருவரே முழுமையும் எடுத்துக்கொள்வது தனிவழங்கி. பல வழங்கிகளின் ஆற்றலைத் திரட்டி, வேண்டும்போது வேண்டிய அளவு பெறுவது முகில். முகில் என்றவுடன் வானத்தை நோக்கவேண்டா. அதுவும் எங்கோ மண்ணின்மேல் நிற்கும் பொறிகளே.

உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படிக்கவொண்ணாதவாறு மறைத்து அனுப்புவது மறையாக்கம். முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி. என்னும் எழுத்துகளோடு எசு என்னும் எழுத்தும் சேர்ந்திருப்பது அதற்கு அடையாளம். அதற்குரிய சான்றினை லெட்சு என்கிரிப்ட்டு என்னும் பொதுநல அமைப்பு 2015 முதல் கட்டணமின்றி வழங்கி வருகின்றது. எனவே, இதற்கெனத் தனித்தொகை கேட்பாரிடம் ஏனென்று வினவுக.

விலையின்றி நிலம் தருவாரும் உளர். அவர்தம் கொடையின் முடிவு என்னவாயிற்று என்பதற்கு வரலாறு சான்று கூறும். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய சியோசிட்டீசு என்னும் நிறுவனம், ஊர்களும் தெருக்களும் வகுத்து, வேண்டுவோர்க்கெல்லாம் விலையின்றி மனை கொடுத்தது. உலகெங்கும் இருந்து எண்ணிறந்தோர் அங்கே குடியேறினர். 1999-இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009 அக்தோபரில் அந்நகரமே இழுத்து மூடப்பெற்றது. தன்னார்வலர் சிலர் ஓடிச்சென்று வாரிக்கொண்ட பகுதிகள் நீங்கலாக, ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த பக்கங்கள் அழிந்தன. கேட்க எவர்க்கும் உரிமையில்லை. ஏனெனில் மனை அவர்களுடையதன்று.

விலை கொடுத்தாலும் இழப்பு நேராது என்பதில்லை. ஒரு தமிழ்மன்றம் தன் முப்பதாண்டு இதழ்களைப் படியெடுத்து வலையேற்றுகின்றது என்று கொள்க. ஏற்றித் தருபவர் களப்பெயரைத் தம் பெயரிலேயே பதிந்துகொள்கின்றார். களப்பெயர் எவர்க்கும் நிலையாக விற்கப்படுவதன்று, ஆண்டுக்கணக்கில் பதியப்பெறுவது. புதுப்பிக்கவேண்டும் என்னும் அறிவிப்பு அவருடைய மின்னஞ்சலுக்கே செல்லும். அவர் தொழிலைக் கைவிட்டாலோ ஊரை விட்டுச் சென்றாலோ அறிவிப்பைக் காண்பார் இலர். கெடு கடந்தபின் மீட்பதற்குரிய சில நாள்களும் கழிந்தால், அப்பெயரை எவரும் எடுத்துக்கொள்ளலாம். மன்றத்தின் பெயரைத் தட்டிய மாணவன் கண்முன் சூதாட்டக் கடை விரியும். முப்பதாண்டு உழைப்பு ஒரு புதுப்பிப்புக் கட்டணத்தில் போயிற்று என்றால் அதனினும் இழிவு உண்டோ?

ஆகலின், பணம் கொடுக்குமுன் வினவவேண்டுவன நான்கே. பதிவேட்டில் உரிமையாளர் என்னும் இடத்தில் இருப்பது எவர் பெயர்? பதிவகத்தின் கணக்கும் கடவுச்சொல்லும் எவர் கையில் உள்ளன? அடுத்த புதுப்பிப்பு எந்நாள்? வழங்கியில் உள்ள அனைத்திற்கும் காப்புப்படி ஒன்று வேறிடத்தில் உண்டா? இந்நான்கனுள் ஒன்றற்கேனும் தெளிந்த விடை கிடையாதாயின் பணப்பையைத் திறத்தல் கூடாது.

ஓலைச்சுவடிகளைக் கறையானுக்கும் நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் இரையாக்கிய இனம் இது. அன்று படியெடுத்து வைத்தார் உள்ள சுவடிகளே எஞ்சின. இன்று கறையானுக்கு மாற்றாக மறதி வந்திருக்கின்றது. நெருப்புக்கு மாற்றாகக் கடந்துபோன கெடு வந்திருக்கின்றது. களப்பெயர், வலையிடம், வழங்கி, காப்புப்படி என்னும் இச்சொற்கள் நாவில் பழகட்டும். சொல் பழகியவனிடம் வினா பிறக்கும். வினவத் தெரிந்தவனை எவனும் ஏய்க்க இயலாது. பெயரும் தமிழருடையதாகுக! பெயர் சுட்டும் நிலத்தின் திறவுகோலும் தமிழர் கையில் இருப்பதாகுக!