நிறத்தை மறைத்த தாய்

 

கருவுற்ற பெண், பிள்ளை நலமாகப் பிறக்க வேண்டுமென்று துஆச் செய்வாள். ஆனால், பிறக்கும் பிள்ளையின் நிறம் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பேறுகாலம் வரை அஞ்சி நடுங்கிய ஒரு தாயின் கதை உண்டு. 1929-இல் வெளிவந்த 'பாஸிங்' என்னும் ஆங்கில நாவலே அது. அதை எழுதிய நெல்லா லார்சன் 1891-இல் சிகாகோவில் பிறந்தவர். அவருடைய தாய் டென்மார்க்கைச் சேர்ந்த வெள்ளையர். தந்தையோ கறுப்பின வழிவந்தவர்.

அன்றைய அமெரிக்காவில் முன்னோருள் ஒருவர் கறுப்பினத்தவராயினும் போதும். மேனி எவ்வளவு வெளுத்திருந்தாலும் அவர் கறுப்பராகவே எண்ணப்பட்டார். எட்டில் ஒரு பங்கே கறுப்பு வழியுடைய ஹோமர் பிளெஸ்ஸி, வெள்ளையருக்குரிய ரயில் பெட்டியில் அமர்ந்தமைக்காக 1892-இல் கைது செய்யப்பட்டார். தனித்தனிப் பெட்டி முறை செல்லும் என்றே 1896-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கொடுமைக்குத் தப்ப, வெளுத்த மேனியர் சிலர் உற்றாரைத் துறந்து, வெள்ளையராகவே வாழத் தலைப்பட்டனர். அதற்கு வழங்கிய பெயரே 'பாஸிங்'.

கதைநாயகி கிளேரும் அவ்வாறு வாழ்பவள். அவளை மணந்த வெள்ளையனோ கறுப்பரை அடியோடு வெறுப்பவன். மனைவியின் மரபை அறியாதவன். மகள் மார்ஜரி வெளுத்த நிறத்தோடு பிறந்த பின்னரே அவளுக்கு உயிர் வந்தது. இனி ஒரு பிள்ளை வேண்டாமென்றும் அவள் முடிவு செய்துவிட்டாள். கறுத்த பிள்ளையை யார் விரும்புவார் என்று பேச்சு எழுந்தபோது, தன் மகன்களில் ஒருவன் கறுப்பே எனத் தோழி ஐரீன் அமைதியாகச் சொல்கிறாள். அங்கே சூழும் மௌனம் நம் நெஞ்சைச் சுடுகிறது. பிரிந்து வந்த தன் மக்களிடையே மீண்டும் பழக ஏங்கும் கிளேர், இறுதியில் உண்மை வெளிப்பட்ட வேளையில் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து மாள்கிறாள்.

கிளேர் பொய் சொன்னாள், பொய் பாவமே. எனினும், மெய் சொன்னால் வாழ வழியில்லை என்னும் நிலையை உண்டாக்கிய சமுதாயத்துக்கு அப்பாவத்தில் பங்கில்லையா?

இந்நாவலை நினைக்கும்போதெல்லாம் புகாரீயில் பதிவான ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வரும். தம் மனைவி கறுத்த பிள்ளை பெற்றதாக ஐயத்தோடு முறையிட வந்தார் ஒரு கிராமவாசி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை வினவினார்கள். சிவப்பு என்றார். அவற்றுள் சாம்பல் நிறத்தவை உண்டா என்று கேட்டபோது, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு, மூதாதை வழி வந்திருக்கலாம் என அவரே விடை பகர்ந்தார். உம் பிள்ளையும் அவ்வாறே இருக்கலாமே என்று அண்ணலார் ஐயம் தீர்த்தார்கள். ஒரு தாயின் மானமும் ஒரு சேயின் உரிமையும் அங்கே காக்கப்பட்டன.

அமெரிக்காவில் கலப்பு மணத்தைத் தடுத்த சட்டங்கள் 1967-இல்தான் செல்லாதவை ஆயின. சட்டம் போயிற்று, மனத்திலுள்ள மாசு போக வேண்டாமா? நம் இல்லங்களிலும் மகப்பேற்றறை வாசலில் எழும் முதற் கேள்விகளுள் "பிள்ளை நிறமா?" என்பதும் ஒன்றல்லவா? பெற்று இளைத்துக் கிடக்கும் தாயின் செவியில் அக்கேள்வி எப்படி விழும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

நிறங்களின் வேற்றுமையைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அமைத்த வல்ல அல்லாஹ், நம் உள்ளங்களைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.