ஆபத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஃபயட்வில் என்ற சிற்றூரை ஒட்டி, நியூ ரிவர் ஆற்றுக்கு மேலே 876 அடி உயரத்தில் ஓர் எஃகு வளைவுப் பாலம் நிற்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை அதில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விடுகிறார்கள். அன்று ஒரு நாள் மட்டும், பயிற்சி பெற்றவர்கள் பாராசூட்டுடன் அங்கிருந்து குதிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. 'பிரிட்ஜ் டே' எனப்படும் இந்த விழா 1980இல் தொடங்கியது.

நான் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வர்ஜீனியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இதைப் பார்க்க வாய்த்தது. கூட்டம் குதிப்பவர்களைப் பார்த்தது; என் கண் ஏற்பாடுகள் மீதே இருந்தது. மேடையில் நின்ற இளைஞன், பெரிய பாராசூட்டை இழுத்து விரிக்கும் சின்னப் பாராசூட்டைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தான். பின்னால் நின்றவர் அவன் முதுகுப்பையின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்தார். பாராசூட் விரியாவிட்டால் எட்டு வினாடியில் கதை முடிந்துவிடும். விமானத்திலிருந்து குதிப்பவர்கள் வைத்திருக்கும் மாற்றுப் பாராசூட்டுக்கு இங்கே நேரம் கிடையாது. கீழே ஆற்றில் மீட்புப் படகுகள் தயாராக நின்றன. தண்ணீரில் இறங்கியவர்களை உடனுக்குடன் தூக்கிக் கரை சேர்த்தார்கள்.

தடை போட்ட இடத்தில் என்ன நடந்தது? கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருக்கிறது எல் கேப்பிட்டன் பாறை. அங்கிருந்து குதிக்க 1980இல் சிறிது காலம் மட்டும் அனுமதித்தார்கள்; பிறகு நிறுத்திவிட்டார்கள். 1999 ஜூனில் பிராங்க் கேம்பலி அந்தப் பாறையிலிருந்து குதித்துப் பத்திரமாகத் தரையிறங்கினார். பிடிக்க வந்த வனக்காவலர்களிடமிருந்து தப்பிக்க மெர்செட் ஆற்றில் பாய்ந்து மூழ்கி இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில், தடையை எதிர்த்துக் குதித்த ஜேன் டேவிஸ், தன் கருவியைப் பறிமுதல் செய்வார்கள் என்று இரவல் பாராசூட்டை மாட்டிக்கொண்டார். அது விரியவில்லை.

பிரிட்ஜ் டேயிலும் உயிர்கள் போயிருக்கின்றன. அதை மறைத்து வாதாடுவது நியாயமில்லை. 1966இல் எல் கேப்பிட்டனிலிருந்து முதன்முதலில் குதித்த இருவரில் ஒருவரான பிரையன் ஷூபர்ட், 2006இல் இந்தப் பாலத்திலிருந்து குதித்தபோது பாராசூட் தாமதமாக விரிந்ததால் இறந்தார். எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் இந்த விளையாட்டின் ஆபத்து முழுதாக நீங்காது.

ஆனால், திருட்டுத்தனமாகச் செய்யும் காரியத்தில் விபத்து நடந்தால் தகவலே தாமதமாகத்தான் வரும். கூட இருந்தவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள். போகும் மீட்புக் குழுவுக்கு இடமும் தெரியாது, நிலைமையும் தெரியாது. பணியில் இருந்த காலத்தில் இதைப் பலமுறை பார்த்து மனம் நொந்தவன் நான். எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர் என்பது முன்பே தெரிந்தால் காப்பாற்றப் போகிறவனின் உயிருக்கும் பாதுகாப்பு கூடும்.

குதிக்க நினைப்பவர்கள் தடை இருந்தாலும் குதிக்கத்தான் போகிறார்கள். எனவே யோசெமிட்டி நிர்வாகம் ஆண்டில் ஒரு நாளாவது பாறையைத் திறந்துவிட வேண்டும். அனுபவம் உள்ளவர்களை மட்டும் பதிவு செய்து, கருவிகளைச் சோதித்து, மெர்செட் ஆற்றில் மீட்புப் படகுகளை நிறுத்திவிட்டு அனுமதி கொடுக்கட்டும்.