மெத்தைக்கு மட்டும்தானா இலவம்பஞ்சு? எண்ணெய்க் கசிவு முதல் குளிர்கால ஜாக்கெட் வரை... தேனிக்கு என்ன கிடைக்கும்?

பழுக்கும், பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் கிடைத்தது வெறும் பஞ்சு. ‘இலவு காத்த கிளி’ என்ற பழமொழியின் கதை இதுதான். ஆனால், கிளி ஏமாந்த அந்தப் பஞ்சைத்தான் இன்று உலகின் பல ஆய்வகங்களும் ஆடை நிறுவனங்களும் தேடுகின்றன.

தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் திராட்சையும் வாழையும் பாசனத்தில் விளைகின்றன. போடி, வருசநாடு பக்கத்து மலைச்சரிவுகளில் பெரும்பாலும் மழையை மட்டும் நம்பி நிற்பது இலவ மரம். அதன் பஞ்சுக்கு மெத்தையும் தலையணையும்தான் முக்கியச் சந்தை. ஃபோம் மெத்தை வந்தபிறகு அதிலும் அடி. இனி இந்த மரத்துக்கு எதிர்காலம் இருக்கா?

பருத்தியும் இதுவும் ஒண்ணா?

இல்லை. பருத்தி இழை விதையின் மேல் வளர்வது. இலவம்பஞ்சு காயின் உட்சுவரில் வளர்வது. அதனால் விதையைப் பிரிப்பது சுலபம்.

பெரிய வித்தியாசம் இழைக்குள் இருக்கிறது. இலவ இழை ஒரு குழாய் மாதிரி. அதன் உள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்றுதான். மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. எனவே தண்ணீர் ஒட்டாது, ஆனால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

எதற்கெல்லாம் பயன்படும்?

* எண்ணெய்க் கசிவு: ஆய்வகச் சோதனைகளில் இலவம்பஞ்சு தன் எடையைப்போல 30 மடங்குக்கும் மேல் டீசலை உறிஞ்சியிருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையில் வாளி வாளியாக அள்ளியது நினைவிருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கக்கூடிய பொருள் இது.
* குளிர்கால உடை: ஜாக்கெட்டுக்குள் வாத்து இறகுக்குப் பதிலாக இதை அடைக்கிறார்கள். ஜப்பானில் இந்தோனேசிய இலவம்பஞ்சை வைத்து இப்படி ஆடை தயாராகிறது.
* மிதவை: லைஃப் ஜாக்கெட்டில் ஒருகாலத்தில் இதுதான் நிரப்பு. இரண்டாம் உலகப் போரில் ஜாவா ஜப்பான் வசம் போனதும் அமெரிக்காவுக்கு வரத்து நின்றது. மாற்றுப் பஞ்சுக்காக அங்கே பள்ளிக் குழந்தைகள் காட்டுச்செடிக் காய்களைப் பறித்துக் கொடுத்தார்கள்.

வெட்டுவதா, விட்டுவைப்பதா?

இதில்தான் விவசாயியின் கணக்கு இருக்கிறது. இலவ மரம் காய்க்கத் தொடங்க நாலைந்து வருஷம் ஆகும். பிறகு பல பத்தாண்டுகள் வருஷா வருஷம் காய்க்கும். மரம் நிற்கும், மண்ணைப் பிடிக்கும், கார்பனைச் சேர்த்து வைக்கும். ஃபோமின் மூலப்பொருள் பெட்ரோலியம். இதுவோ மக்கும்.

வெட்டினால்? இலவம் மென்மரம். தீக்குச்சி, பேக்கிங் பெட்டி மாதிரி மலிவான வேலைகளுக்குத்தான் போகும். கையில் வருவது ஒருமுறைப் பணம். ஆனாலும் பஞ்சு விலை படுத்து, உயர மரத்தில் ஏறிக் காய் பறிக்கும் கூலிக்கே அது சரியாகப் போனால், வெட்டிவிட்டு வேறு பயிருக்கு மாறலாம் என்றுதான் தோன்றும். நிற்கிற மரத்துக்கு வெட்டின மரத்தைவிட அதிக மதிப்பு வந்தால்தான் மரம் பிழைக்கும்.

அப்புறம் ஏன் இன்னும் மெத்தையிலேயே நிற்கிறது?

இழை பெரும்பாலும் 25 மில்லிமீட்டருக்குள்தான். வழவழப்பானது, எளிதில் ஒடியும். தனியாக நூல் நூற்பது கஷ்டம். பருத்தியோடு கலக்க வேண்டும். தீயும் சட்டென்று பிடிக்கும். சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசி தொழிலாளர்களின் நுரையீரலுக்கு ஆபத்து.

நூற்பு தேவையில்லாத வழியும் உண்டு. வேறு இழையோடு கலந்து, சூடேற்றி, நேரடியாக விரிப்பாக அழுத்தலாம். எண்ணெய் உறிஞ்சும் விரிப்பு, ஜாக்கெட் அடைப்பு இரண்டுக்கும் இது போதும். கலப்பது பாலியஸ்டர் என்றால், ‘முழுசா மக்கும்’ என்று மட்டும் விளம்பரம் செய்ய முடியாது.

தேனிக்கு என்ன தேவை?

தொழில்நுட்பம் ரொம்ப தூரத்தில் இல்லை. மத்திய அரசு 2020-ல் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. கோவையில் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமும், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் தொழிற்சாலை ஜவுளிக்கான சிறப்பு மையமும் இருக்கின்றன.

விடுபட்டிருப்பது நடுவில் உள்ள கண்ணி. தூசி வெளியே பறக்காத சுத்திகரிப்பு, ஈரப்பதமும் விதைக் கழிவும் பார்த்துத் தரம் பிரித்தல், வருஷம் முழுக்க ஒரே தரத்தில் சரக்கு. இந்த மூன்றும் போடியிலேயே நடந்தால், ஆலைக்காரர்கள் தேடி வருவார்கள். மூட்டைக்கு என்ன விலை என்பதை விவசாயியும் பேச முடியும். இல்லையென்றால், ஜாக்கெட்டுக்கான பஞ்சு இந்தோனேசியாவிலிருந்தே போய்க்கொண்டிருக்கும். இங்கே காத்திருப்பது கிளி அல்ல, விவசாயி.