சைக்கிளுக்கும் அளவுண்டு



பெருநாளுக்குப் பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் தோளை அளக்கின்றார், கையை அளக்கின்றார். செருப்புக் கடையில் காலை நுழைத்து, நான்கடி நடக்கச் செய்த பிறகே பணத்தை எண்ணுகின்றோம். ஆனால், அவற்றைவிடப் பன்மடங்கு விலையுள்ள சைக்கிளை வாங்கும்பொழுது நாம் கேட்பதெல்லாம் நிறமும் விலையும்தான். மிஞ்சிப்போனால், "26 இஞ்ச்சா?" என்று ஒரு கேள்வி. அந்த 26 சக்கரத்தின் அளவேயன்றி, ஏறி அமர்கின்றவனின் அளவன்று.

"கொஞ்சம் பெரிதாகவே கொடுங்கள் பாய், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று கடைக்காரரிடம் சொல்லும் தந்தையர் நம்மில் பலர். சட்டை தொளதொளவென்று இருந்தால் பார்வைக்குத்தான் குறை. சைக்கிள் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? குரோம்பேட்டை, பல்லாவரம் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையையோ, வேளச்சேரிச் சாலையையோ, முடிச்சூர் சாலையையோ எண்ணிப் பாருங்கள். முன்னே செல்லும் பேருந்து திடீரென நிற்கும்பொழுது, பிள்ளை சீட்டிலிருந்து இறங்கிக் காலூன்றி நிற்க வேண்டும். கால் எட்டாவிட்டால் வண்டி சாயும். சாயும் பக்கம் பின்னால் வருகின்ற லாரியின் பக்கமாகவும் இருக்கலாம் அல்லவா?

முந்தைய தலைமுறைச் சிறுவர்கள் தந்தையின் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதித்தனர். அதற்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயர். வண்டி உடலுக்குப் பொருந்தாதபொழுது உடல் வண்டிக்காக வளைந்த கதை அது. அன்று வீட்டிற்கு ஒரே சைக்கிள், வேறு வழியில்லை. இன்று பல அளவுகளில் வண்டிகள் கிடைக்கும் காலத்திலும் பிள்ளையை வளையச் செய்வது முறையாகுமா?

சைக்கிளின் உடற்கூடாகிய ஃப்ரேமே அளவின் அடிப்படை. சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஏற்றலாம், இறக்கலாம். ஃப்ரேமை மாற்ற இயலாது. பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, சீட் கம்பி நுழையும் குழாயின் மேல்விளிம்பு வரையுள்ள நீளமே பொதுவாக ஃப்ரேமின் அளவு எனப்படும். நம் நாட்டுப் பழைய கறுப்புச் சைக்கிள்கள் பெரும்பாலும் 22, 24 இஞ்ச் ஃப்ரேம்களில் வந்தன. கைப்பிடி கீழ்நோக்கி வளைந்த ரோடு பைக்குகளுக்கு இதனைச் சென்டிமீட்டரில் சொல்வர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் செல்லும் இளைஞர்களைப் பார்த்து நம் பிள்ளைகளும் கேட்பது இவ்வகை வண்டியைத்தான். இதில் அளவு தவறினால் துன்பமும் அதிகம்.

வீட்டிலேயே அளந்து கொள்ளலாம். பிள்ளையை வெறுங்காலுடன் சுவரோரம் நிற்கச் செய்யுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே, சீட்டில் அமர்ந்தாற்போல் அழுந்தும் வரை உயர்த்துங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உள்கால் நீளம் கிடைக்கும். அதனை 0.67ஆல் பெருக்கினால் ரோடு பைக் ஃப்ரேமின் உத்தேச அளவு, 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம். உள்கால் நீளம் 76 சென்டிமீட்டர் என்றால், ஃப்ரேம் ஏறக்குறைய 51, சீட்டின் உயரம் 67. இவை தொடக்கக் கணக்கே, முடிந்த தீர்ப்பல்ல. மேல்தண்டு சரிவாக இறங்கும் ஃப்ரேம்களும் இன்று மிகுதி. ஆதலால் ஒரு கம்பெனியின் 52உம் மற்றொன்றின் 52உம் ஒன்றாக இருப்பதில்லை.

எனவே, ஏறிப் பார்க்காமல் வாங்காதீர்கள். முதலில், பாருக்கு இருபுறமும் காலூன்றி நிற்கும்பொழுது உடலுக்கும் பாருக்கும் இடையே இரண்டு விரற்கிடையேனும் இடைவெளி வேண்டும். அடுத்து, சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்திற்குக் கொண்டு வரும்பொழுது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சிறிதே மடங்கும். அதுவே சரியான நிலை. சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். உயர்ந்தால் இடுப்பு இருபக்கமும் ஆடும். மூன்றாவதாக, கைப்பிடியைப் பற்றும்பொழுது முழங்கைகள் சிறிது மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டு, கழுத்து வலித்து, உள்ளங்கை மரத்தால் அந்த ஃப்ரேம் நீளமானது என்று பொருள்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே பிள்ளை நின்றால் சிறியதையே தேர்ந்தெடுங்கள். சிறியதில் சீட்டை உயர்த்தலாம். பெரியதைச் சிறிதாக்க முடியாது. ஆனால், சீட் கம்பியில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தலாகாது, கம்பி முறிந்துவிடும். இப்பொழுதுதான் பழகுகின்ற சிறு குழந்தைக்கோ, அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் பதிவது நலம்.

பெண்பிள்ளைகளுக்கு வாங்கும்பொழுது உடையையும் எண்ண வேண்டும். பாரின்றித் தாழ்ந்த ஃப்ரேம், முழுச் செயின் கவர், பின்சக்கரத்திற்குத் துணிக்காப்பு ஆகியன இருந்தால் புர்காவோ தாவணியோ சிக்காது. எனினும், எது வசதி என்பதை ஓட்டுகின்றவரே அறிவார். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்தபொழுது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் பழகினர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். பாரின்மீது குழந்தையை அமர்த்திக் கொள்ளலாம் என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு!

பள்ளியில் அரசு தந்த விலையில்லா சைக்கிள் வீட்டில் இருக்கின்றதா? ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியாகச் செய்யப்படும் வண்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படியே பொருந்தி வராது. ஒரு ஸ்பேனரைக் கொண்டு சீட்டையும் கைப்பிடியையும் பிள்ளையின் உடலுக்கேற்ப அமைத்துக் கொடுங்கள். செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள்.

அளவில்லாமல் வாங்கிய சைக்கிள் வலி தரும், வலி தருவது மூலையில் துருப்பிடிக்கும், அதுவும் வீண்விரயமே. அடுத்த முறை கடைக்குச் செல்லும்பொழுது பணப்பையுடன் ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையையும் மறவாமல் அழைத்துச் செல்லுங்கள்!