தண்ணீர் கொடுப்பதும் குற்றமா?

இனப் பாகுபாட்டுக்குப் பேர்போன அமெரிக்க மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற, மத்திய அரசின் முன் அனுமதி தேவை என்றது 1965 வாக்குரிமைச் சட்டம். 2013-இல் ஷெல்பி கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தக் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டது. அன்றைக்கே டெக்சாஸ் தன் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தது. அதன்படி, வாக்களிக்கக் கைத்துப்பாக்கி உரிமம் செல்லும். பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. இது அப்பட்டமான அநியாயம். ஜார்ஜியாவின் 2021 சட்டமோ, வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் கால்கடுக்க நிற்பவருக்குத் தன்னார்வலர்கள் தண்ணீர் பாட்டில் நீட்டுவதையே குற்றமாக்கியது. கள்ள ஓட்டைத் தடுக்கத்தான் கெடுபிடி என்ற வாதம் எடுபடாது. அங்கே ஆள்மாறாட்டம் மிக மிக அரிது. கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் செல்மா பாலத்தில் அடிபட்ட ஜான் லூயிஸ் பெயரிலான மசோதா, பிரதிநிதிகள் சபையில் 2021-இல் நிறைவேறியும் செனட்டில் முடக்கப்பட்டது. முன் அனுமதியை மீட்கும் அந்த மசோதாவை நிறைவேற்றியே ஆக வேண்டும்.